ஹேவ்லாக்கில் நான்கு நாள், ஓர் ஒப்பந்தம்

காலை 5.40. போர்ட் பிளேயர், ஃபீனிக்ஸ் பே ஜெட்டி. ஹேவ்லாக் செல்லும் அரசுக் கப்பல் 6.20-க்குப் புறப்படும். பயணிகள் நாற்பது நிமிடம் முன்னதாக வரவேண்டும் என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பொடி எழுத்தைப் படிப்பவன் இந்தத் தீவுகளில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. வாயிலில் நாங்கள் நான்கு பேரும் இரண்டு நாய்களும் மட்டும் நின்றோம்.

“நாப்பது நிமிஷம் தூங்கியிருக்கலாம்ப்பா,” என்றாள் என் மகள் கவிதா.

நான் தயாரித்திருந்த பயணப் பட்டியலில் தூக்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். முதல் நாள், பிற்பகல் 1.30 முதல் 3.15 வரை.

இந்தப் பயணம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கவிதா போர்ட் பிளேயரில் பிறந்தவள். கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாள். போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போனார்கள். நான்கு நிமிட ராட்டினத்துக்கு எழுபது நிமிட வரிசை; அப்படி ஒன்பது ராட்டினம். திரும்பி வந்தவளுக்கு அந்த விடுமுறையிலிருந்து மீள்வதற்கே இன்னொரு விடுமுறை தேவைப்பட்டது. சில மாதம் கழித்து மயக்கம் என்று டாக்டரிடம் போனபோது ரத்த அழுத்தம் என்றார்கள். வயது முப்பத்தெட்டு. மாத்திரையைப் பிறகு பார்க்கலாம், முதலில் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வாருங்கள் என்றாராம் டாக்டர்.

அரையாண்டு விடுமுறைக்கு மறுபடியும் தீம் பார்க் என்று பேத்தி யாழினி முடிவு செய்து வைத்திருந்தாள். பத்து வயது. நான் குறுக்கிட்டேன். ஹாடோவில் துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். கடலோரத்தில் சும்மா இருப்பதற்கு என்னைவிடத் தகுதியான ஏற்பாட்டாளர் கிடையாது என்று போனில் சொன்னேன். “நீங்க சும்மா இருந்து நாங்க பாத்ததே இல்லையே,” என்றாள் பக்கத்திலிருந்த என் மனைவி பார்வதி. அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

யாழினி வாய்வார்த்தையை நம்புகிறவள் அல்ல. எழுத்தில் கேட்டாள். ஆகவே மூன்று பிரிவுகளில் ஓர் ஒப்பந்தம் தயாரித்தேன். ஒன்று, இந்த விடுமுறையில் தீம் பார்க் கிடையாது. இரண்டு, அதற்குப் பதிலாக ஹேவ்லாக்கில் நான்கு நாள் ஓய்வு. மூன்று, பயணம் செய்யும் நால்வரில் எவரேனும் ஓய்வெடுக்காமல் திரும்பினால், வரும் கோடையில் தாத்தா பேத்தியுடன் அந்தத் தீம் பார்க்கின் மிக உயரமான ரோலர் கோஸ்டரில் ஏறுவார். தீர்ப்பு பேத்தியுடையது. மூன்றாம் பிரிவை எழுதும்போது கவிதாவை மட்டுமே மனதில் வைத்திருந்தேன். மருமகனுக்கு லீவு கிடைக்காததால் அவர் இதில் தரப்பினர் அல்ல.

6.35. பதினைந்து நிமிடத் தாமதத்தில் கப்பல் நகர்ந்தது. தனியார் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும்; ஆனால் கண்ணாடியை மூடி ஏசி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அரசுக் கப்பலுக்கு இரண்டரை மணி நேரம், டெக்கில் நிற்கலாம். எனக்கும் பார்வதிக்கும் தீவுவாசிகளுக்குத் தரும் ஐலண்டர் கார்டு இருப்பதால் குறைந்த கட்டணம். கவிதாவின் கார்டு காலாவதியாகி ஏழு வருடம் ஆகிறது. புதுப்பிக்கும் முறையை வருடா வருடம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பிறந்த ஊரில் அவள் சுற்றுலாப் பயணி.

புறப்பட்ட இருபதாவது நிமிடம் போனில் சிக்னல் போனது. அதன் பிறகும் கவிதா இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். பறக்கும் மீன்கள் கூட்டமாகக் கிளம்பி முப்பது நாற்பது அடி தள்ளி விழுந்தன. யாழினி எண்ணினாள். கவிதா பார்க்கவில்லை.

9.10. ஹேவ்லாக் ஜெட்டி. போர்ட் பிளேயரைப் போல இதற்கும் பெயர் மாற்றி ஸ்வராஜ் த்வீப் என்றாக்கிவிட்டார்கள்; பலகையில் புதிய பெயர், வாயில் பழைய பெயர். இங்கே கடற்கரைகளுக்கு எண் உண்டு. எங்கள் விடுதி ஐந்தாம் எண், விஜய்நகர். ஜெட்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். நான்கு நாளும் எங்களுக்கென்று ஏற்பாடு செய்திருந்த டாக்சி ஓட்டுநர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், அப்பா காலத்தில் வந்தவர்கள். அவரிடம் பட்டியலின் நகலைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது டூர் புரோகிராமா, கப்பல் டூட்டி சார்ட்டா?”

“ஏன்?”

“‘இரண்டாம் நாள் 10.40, இளநீர்’னு போட்டிருக்கீங்க. 10.40-க்குத் தாகம் எடுக்கலன்னா?”

பார்வதி முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தோணி நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

விடுதி என்பது பாதாம் மரங்களுக்கும் தென்னைகளுக்கும் இடையே ஆறு மரக் குடில்கள். ஒரு குடிலுக்கு இரவுக்கு 3,200 ரூபாய். மீன் சாப்பாடு 250. இளநீர் 70. குடிலிலிருந்து தண்ணீர் முப்பது அடி என்று விளம்பரத்தில் இருந்தது. காலையில் நாங்கள் இறங்கியபோது நிஜமாகவே முப்பது அடிதான். இதைப் பதிவு செய்துகொள்வது அவசியம்.

பிற்பகல் 3.30, கடல் குளியல். துண்டு, மாற்றுடை, தேங்காய் எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனோம். கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. இடையில் அரை கிலோமீட்டருக்குக் கறுப்புப் பாறை, செத்த பவளம், கணுக்கால் அளவு குட்டைகள்.

“தாத்தா, கடல் எங்க?”

இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். கடல் ஏற்ற இறக்க அட்டவணை என்னிடம் இருந்தது. சர்வீஸ் முழுக்க அதைப் பார்த்தவன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் உயர்நீர் என்ற பத்தியைத்தான் பார்ப்போம். நீர் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு நல்ல நாள். கப்பலைத் துறையில் கொண்டுவந்து கட்டுகிறவனுக்கு அதுதான் கணக்கு. அதே பழக்கத்தில், பௌர்ணமியை ஒட்டி நீர் மிக உயரும் நான்கு நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். நீர் மிக உயரும் நாளில்தான் மிகவும் இறங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காலை நேரங்களை ஊர் சுற்ற ஒதுக்கிவிட்டு, குளியலை மாலைக்கு வைத்திருந்தேன். கடல் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

அந்தோணி வேலியோரம் நின்று பீடியை அணைத்தார். “இது வத்தம் டைம் அண்ணாச்சி. தண்ணி உள்ள போயிருக்கு. டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க. ராத்திரி வாபஸ் வந்துரும்.”

“முப்பத்து நாலு வருஷம்,” என்றாள் பார்வதி, கடலைப் பார்த்தபடி.

யாழினி அதற்குள் பாறைக் குட்டைகளுக்குப் போய்விட்டாள். ரப்பர் செருப்போடு குனிந்து குனிந்து நடந்தாள். ஒரு குட்டையில் நட்சத்திர மீன். இன்னொன்றில் சிப்பியைச் சுமந்து ஓடும் நண்டு. சங்கு ஒன்றைக் கையில் எடுத்தபோது, தீவுகளிலிருந்து சிப்பியோ பவளமோ எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறப்பார்கள் என்று கரையிலிருந்து அறிவித்தேன். “பாக்கத்தான் எடுத்தேன்,” என்று எடுத்த இடத்திலேயே வைத்தாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் இதை இன்னும் இரண்டு தடவை அறிவிக்க வேண்டியிருந்தது. இருட்டும்வரை அவள் திரும்பி வரவில்லை. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும்.

இரண்டாம் நாள். காலை நிகழ்ச்சிகள் பட்டியல்படி நடந்தன. இளநீர் 10.55-க்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதாம் மரத்தில் கட்டியிருந்த வலை ஊஞ்சலில் கவிதா படுத்தாள். போனைக் குடிலிலேயே வைத்துவிட்டிருந்தாள். மறந்ததா, வைத்ததா தெரியவில்லை. 1.20-க்குத் தூங்கிவிட்டாள்.

3.30-க்கு அந்தோணி வண்டியோடு வந்தார். ஏழாம் எண் கடற்கரை, ராதாநகர். பன்னிரண்டு கிலோமீட்டர், போய்வர, காத்திருக்க 1,200 ரூபாய். சூரிய அஸ்தமனம் 5.05. ஹேவ்லாக் வந்தவர்கள் ராதாநகர் அஸ்தமனத்தைப் பார்க்காமல் போவதில்லை. நான் ஊஞ்சலை நோக்கிப் போனேன்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை வெளியே தொங்கியது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

“எழுப்புனீங்கன்னா நான் நாளைக்கே ஊருக்குக் கப்பலேறிடுவேன்,” என்றாள் பார்வதி, நாற்காலியிலிருந்து, குரலை உயர்த்தாமல்.

“ராதாநகர்…”

“அது அங்கயேதான் இருக்கும்.”

அந்தோணியும் வந்து எட்டிப் பார்த்தார். “சோனே தோ, அண்ணாச்சி. தூங்கட்டும். சூரியன் நாளைக்கும் விழும்.”

எழுப்பவில்லை. ஆனால் வண்டி சொல்லியாகிவிட்டது, பட்டியலிலும் இருக்கிறது; ஆகவே நான் மட்டும் போனேன். ராதாநகர் நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளை மணல் இரண்டு கிலோமீட்டர், பின்னால் மகுவா மரங்கள் சுவர்போல. முதலை எச்சரிக்கைப் பலகை, விசிலோடு காவலர். நானூறு ஐந்நூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அஸ்தமனம் 5.07-க்கு முடிந்தது. பட்டியலில் டிக் போட்டேன். வண்டிக்குத் திரும்பினால் அந்தோணி சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பவும் சங்கடமாக இருந்தது. பதினைந்து நிமிடம் வெளியே நின்றேன்.

விடுதிக்கு வந்தபோது மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து கேலக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே வாழைக்காயை அப்படித்தான் கேட்க வேண்டும். தண்ணீர் பாறைகளுக்குள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. கவிதா நான்கு மணிக்கு மேல்தான் எழுந்தாளாம். “அப்பா, அஸ்தமனம் எப்படி இருந்துச்சு?”

“குறித்த நேரத்தில்,” என்றேன்.

மூன்றாம் நாள் பட்டியலைத் தேடினேன், கிடைக்கவில்லை. பஜ்ஜி எண்ணெயை எதில் ஒற்றினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. காலை பத்தரைக்கு நீர் குடில்வரை ஏறியிருந்தது. மூவரும் இரண்டு மணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தார்கள். கவிதா மல்லாந்து மிதந்தாள்; சின்ன வயதில் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் கற்றது, மறக்கவில்லை. நான் கரையில் நின்று திரும்பும் கப்பலை உறுதி செய்ய போன் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை.

நான்காம் நாள், ஹேவ்லாக் ஜெட்டி. ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டோம். யாழினி பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தாள். அந்தோணியிடம் பேனா வாங்கி, பெட்டியின் மேல் வைத்து எழுதி, என்னிடம் நீட்டினாள்.

“அம்மா ஓய்வெடுத்தார். பாட்டி ஓய்வெடுத்தார். நான் ஓய்வெடுத்தேன். தாத்தா எடுக்கவில்லை. மூன்றாம் பிரிவு.” கீழே, சாட்சி என்று போட்டு அந்தோணியின் கையெழுத்து.

“அது உங்க அம்மாவுக்காக எழுதினது,” என்றேன்.

“நால்வரில் எவரேனும்னு போட்டிருக்கீங்க தாத்தா.”

கவிதாவைப் பார்த்தேன். “நீங்க போட்ட டிராஃப்ட்தானேப்பா,” என்றாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சிரித்தாள். மேல்முறையீட்டுக்கு வழி வைக்காமல் எழுதியவனும் நானே.

கவிதா கோயம்புத்தூர் போய் டாக்டரைப் பார்த்ததில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதாம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றாராம். எங்கள் வீட்டு மாடியிலிருந்தும் கடல் தெரியும். நேற்று மாலை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நீர் இறங்குகிறதா ஏறுகிறதா என்று கடிகாரத்தைப் பார்க்காமல் சொல்ல முயன்றேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை.

உள்ளே வந்து அந்தத் தீம் பார்க்கின் விதிமுறைகளை முழுவதும் படித்தேன், பொடி எழுத்து உட்பட. குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய், முதுகுவலி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக்கூடாது. அறுபத்தாறு வயது பற்றி ஒன்றுமில்லை. எனக்கு எந்த நோயும் கிடையாது.