பின்கால் விரியும் நாற்காலி

செங்கல்பட்டுப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனியில் எனக்கு டிசைன் வேலை. கல்யாண மண்டபம், டீக்கடை, கட்சிக் கூட்டம் என்று எங்கும் கிடக்கிற நாற்காலிதான். அதையும் ஒருத்தி மண்டையை உடைத்துக்கொண்டு வரைகிறாள் என்று எவரும் நினைப்பதில்லை. எனக்கு அதில் எரிச்சல் உண்டு.

போன வருடம், விலையைக் குறைக்க, பின்கால்களின் உள்பக்கம் முட்டுக்கொடுக்கும் பட்டையை எடுக்கச் சொன்னார் முதலாளி. ஈரத் தரையில் கால் விரியும் என்று சண்டை போட்டேன். "இன்னாம்மா நீ, சேர்ல குடித்தனமா பண்ணப் போறான்? கொஞ்ச நேரம் உக்காருவான், ஏந்து பூடுவான்" என்று சிரித்தார். பட்டை போயிற்று.

ஐப்பசி மழையில் அப்பா இறந்தார். நெம்மேலிக்குப் பக்கத்து மீனவக் குப்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் செத்தவரைப் படுக்க வைப்பதில்லை. குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சோடு வேட்டியால் கட்டி வாசலில் வைப்போம். வருகிறவர்கள் முகம் பார்த்து அழ வேண்டும். பந்தல்காரர் இறக்கிய நாற்காலிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் பின்கால்களைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியுடையவை. பட்டை இல்லாதவை.

"அண்ணா, மரச்சேர் இருந்தா கொண்டாங்க" என்றேன் பந்தல்காரரிடம். சித்தப்பா அதட்டினார்: "சாவு வூட்ல சேரு நல்லால்லன்னு பேஜாரு பண்ணிகினு கீற? கம்முனு இரு."

குளிப்பாட்டிய தண்ணீர் வாசல் சிமெண்டில் காயவில்லை. உயிரோடு இருப்பவர் அசைவார், காலை ஊன்றுவார். படகு எப்படி ஆடினாலும் நிலைதவறாத அப்பா, மொத்தப் பாரமும் பின்னால் சாய உட்கார்ந்திருந்தார். மாலை போட்டவர்கள் தோளைப் பிடித்து உலுக்கி அழுதார்கள். ஒவ்வொரு உலுக்கலுக்கும் பின்கால்கள் கொஞ்சம் அகன்றன. ஊர் முன்னால் அப்பா மல்லாந்து விழுந்துவிடுவார் என்ற பயத்தில் எனக்கு அழுகையே வரவில்லை. முதலாளியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு பின்கால்களையும் உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். என் விரல்கள் மரத்துப்போயின.

"அப்பன வுட மாட்டேங்குது பாரு இந்தப் பொண்ணு" என்று ஒருத்தி தேம்பினாள்.

பாடை வந்ததும் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "வுடும்மா, அவரு பூட்டாரு."

"முதல்ல அவரத் தூக்குங்க, அப்புறம் வுடறேன்!" என்று கத்தினேன்.

தூக்கினார்கள். கையை எடுத்தேன். காலி நாற்காலியின் கால்கள், ஒன்றுமே நடக்காததுபோல, பழைய இடத்துக்கு வந்து நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.