இன்றைய நாளுக்கு நன்றி

நோர்வேயில் வேலை முடிந்து கிளம்பும்போது எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்வார்கள். "தக் ஃபோர் இ தாக்" என்பார்கள்; இன்றைய நாளுக்கு நன்றி என்று பொருள். விசேட தேவையுடைய பிள்ளைகளின் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றில் நான் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், நாள் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை கதைக்காத பெண்ணொருத்தி குளிரங்கியை மாட்டிக்கொண்டு வந்து எனக்கு நன்றி சொன்னாள். அப்படி எதைக் கொடுத்துவிட்டேன் என்று வீடு வரும்வரை பஸ்ஸில் யோசித்தேன். இலங்கையில் என் ஊரான பாலாவியில் சாப்பிட்டு முடித்து உம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தால், "யாருட ஊட்டுல திண்டுட்டு எழும்புறாய்?" என்று அகப்பையைத் தூக்கியிருப்பா. அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, பீங்கானைக் கழுவி வைத்தால் எங்கள் வீட்டில் போதும்.

அந்த நன்றியைத்தான் நாங்கள் பாலாவிக்குக் கொண்டுபோனோம். உப்பளப் பக்கம் இருக்கும் ஒரு சிறுவர் நிலையத்தில் மூன்று வாரத் தொண்டு. குழுத் தலைவி இங்ரிட், எங்கள் நோர்வே நிலையத்தின் இயன்மருத்துவர். மரேக் போலந்துக்காரன், தச்சுவேலை தெரிந்தவன். பிள்ளைகளுக்குக் கதிரை செய்ய வந்தவன். இன்னும் சிலர் வேறு வேறு நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். பிறந்த ஊரில் கழுத்தில் பெயரட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினேன். சந்தியில் பழைய அயலவர் ஒருவர் என்னிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். வெட்கக்கேடு, நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்.

வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து பஸ்ஸில் மகளைத் தூக்கிக்கொண்டு வருவாள் ஃபரீனா. மகள் ஸைனபுக்கு எட்டு வயது. நடக்கமாட்டாள், பேசமாட்டாள், கழுத்து நிற்காது. ஃபரீனா அவளை மடியில் சாய்த்து, மீனும் சோறும் பிசைந்து விரலால் தீத்துவாள். பிள்ளை பாதி விழுங்கும், பாதிக்கு இருமும். படுத்தபடி தீத்தினால் சாப்பாடு நெஞ்சுக்குள் போய்விடும் என்றாள் இங்ரிட். அது சரிதான். மரேக் இரண்டே நாளில் கழுத்தைத் தாங்கும் கதிரை ஒன்று செய்தான். அதில் அவளை இருத்தி, முன்னால் முழங்காலிட்டு, சின்னக் கரண்டியால் தானே ஊட்டத் தொடங்கினான். ஒவ்வொரு வாய்க்கும் தன் மொழியில் ஒரு தாலாட்டை முணுமுணுத்தான். முதல் தடவையாக ஸைனப் இருமாமல் சாப்பிட்டாள். கரண்டியைக் கண்டால் சிரிக்கவும் தொடங்கினாள்.

"நான் தீத்தட்டா ராத்தா? சும்மா இரிக்க வெக்கமா இரிக்கி," என்று ஃபரீனா என்னிடம் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்போம்.

சொன்னது சொன்னபடி மொழிபெயர்த்தேன். இங்ரிட்டின் கண் கலங்கிவிட்டது. எட்டு வருடமாகச் சுமந்தவள், இந்த மூன்று வாரமாவது அவள் இளைப்பாறட்டும், அதுதான் எங்கள் அன்பளிப்பு என்றாள். ஜன்னலோரம் ஒரு கதிரை போட்டு ஃபரீனாவை இருத்தினார்கள். கையில் தேநீரும் கொடுத்தார்கள். தன் பிள்ளை இன்னொருவர் கையால் சாப்பிடுவதை அவள் தினமும் அங்கிருந்து பார்த்தாள்.

மாலையானால் பாராட்டு வட்டம். எல்லோரும் சுற்றி அமர்ந்து சக தோழரைப் பாராட்ட வேண்டும். மரேக்கின் பொறுமையைப் பாராட்டினோம், இங்ரிட்டின் தலைமையைப் பாராட்டினோம், ஒருநாள் என் புன்னகையைக்கூட யாரோ பாராட்டினார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே குரலில் "தக் ஃபோர் இ தாக்" சொல்லிக் கலைவோம். அந்தச் சத்தம் கேட்டதும் ஸைனப் வாயை இறுக மூடிக்கொண்டு அழுவாள். மரேக் கிளம்பப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைக்கு நோர்வே மொழி விளங்குகிறது என்று எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அதற்கும் ஒரு பாராட்டு.

கடைசி இரண்டு நாட்களில் ஃபரீனாவின் கையில் கரண்டியைக் கொடுத்துப் பழக்குவதாகத் திட்டம். அந்த இரண்டு நாட்களையும் பிரியாவிடை விழுங்கிவிட்டது. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தாளை ஒட்டி, மற்றவர்கள் அதில் நல்ல வார்த்தை எழுதும் சடங்கு. வளர்ந்த மனிதர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார்கள். ஃபரீனாவின் அபாயாவிலும் ஒன்றை ஒட்டினார்கள். "இது என்ன வெளாட்டு ராத்தா?" என்றாள். அழுகையும் அணைப்புமாக நின்ற அந்தக் கூட்டத்தில் தாளைக் கழற்ற ஒருவருக்கும் நினைவு வரவில்லை. உலகின் பலமான தாய் என்று ஆங்கிலத்தில் எழுதிய முதுகோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறியிருக்கிறாள். பஸ்ஸில் ஒருவன் அதைச் சத்தமாக வாசித்தானாம், மற்றவர்கள் சிரித்தார்களாம்.

நாங்கள் விமானம் ஏறிய பிறகு ஸைனப் தாயின் கையால் சாப்பிடவில்லை. கதிரையில் இருத்தினாலும் சரி, கரண்டியைக் கொடுத்தாலும் சரி, வாசலையே பார்த்திருந்தாள். "வாய தொறக்குதில்ல ராத்தா. உம்மாட கைய தட்டிடுது," என்று ஃபரீனா வட்ஸ்அப்பில் அழுதாள். மரேக் பாட்டைப் பதிவு செய்து அனுப்பினான். சில நாள் பலித்தது. பிறகு குரல் மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. மரேக் இப்போது வேறொரு நாட்டில் வேறு பிள்ளைகளுக்குக் கதிரை செய்கிறான். அங்கே சிக்னலும் சரியில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டியவன் போன பிறகு ஊரான் பிள்ளை என்ன ஆகும் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை. என் தோழர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன். அவர்களைப் போல் நல்லவர்களை நான் கண்டதில்லை, அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது.

மரேக் மேலுள்ள அந்தக் கோபத்தை ஒருநாள் ஃபரீனாவிடம் சொன்னேன். "அவர ஏசாதீங்க. நல்ல மனிசன். ஆனா இனி அப்பிடி யாரும் வர வேணாம்," என்றாள்.

இந்த வாரமும் உடம்பு தேறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று என் வேலை முடியும் நேரம், அங்கே இராச்சாப்பாட்டு நேரம். நிலையத்தின் நடைவழியில் குளிரங்கிகளுக்கு நடுவே நின்று வீடியோ அழைப்பு எடுத்தேன். மரேக்கின் தாலாட்டை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. வெளியே பனி கொட்ட, பாலாவிக்காரி நான் போலந்து மொழியில் வண்ணாத்திவில்லுக்குப் பாடினேன். ஸைனப் வாசலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மெலிந்த முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம். உதடு மெல்ல விலகியது.

"தொறக்குறா ராத்தா, நிப்பாட்டாதீங்க," என்று ஃபரீனா கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனாள்.

நான் நிறுத்தவில்லை. எனக்குப் பின்னால் யாரோ ஒருத்தி குளிரங்கியை எடுத்து மாட்டினாள். என் தோளை அன்பாகத் தொட்டு, தெளிவான குரலில், "தக் ஃபோர் இ தாக்" என்றாள்.

ஸைனப் வாயை மூடிக்கொண்டாள்.