பாகல்கொடியில் கட்டிய சிவப்பு நூல்

அன்று பால்கனியில் இருந்தது நான், என் கணவர், மேல்வீட்டு அக்கா, மூன்றே பேர். தொட்டியிலிருந்த பாகல்கொடியையும் சேர்த்தால் நாலு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய நாற்று அது. அதற்கு முன்னால் வாங்கியவை எல்லாம் செத்துப்போயின. வேர் இறங்குகிறதா இல்லையா என்ற பயத்தில் நான் தினமும் மண்ணைக் கிளறிப் பார்ப்பேன். "இதுவும் வளரலைன்னா தொட்டி வெளிய போயிடும், இங்க செருப்பு ஸ்டாண்டுதான்" என்று கணவர் சொல்லிவிட்டார். அதனால் இந்த முறை மண்ணைத் தொடவில்லை. தண்டின் அடிப்பக்கம், பால்கனியின் இரண்டாவது குறுக்குக் கம்பிக்கு நேராக, ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். கொடி வளர்ந்தால் நூல் மூன்றாவது கம்பிக்கு ஏறும் அல்லவா? எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது.

நூல் ஏறவே இல்லை. பல் தேய்க்கும் முன்பும் பார்த்தேன், சோறு வடித்த பின்பும் பார்த்தேன். அன்று அவர் டேப்பை எடுத்து ஸ்டாண்டுக்கு இடம் அளக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அக்கா இறங்கி வந்தார். பள்ளியில் அறிவியல் டீச்சர்.

"ஏம்மா, உன் பாகல்கொடி என் ஜன்னலைப் புடிச்சுகிட்டு உள்ள எட்டிப் பாக்குது. வாடகை யாரு குடுக்கறது?"

என் கணவர் சிரித்தார். "அது வேற எந்த வூட்டுதோ அக்கா. நம்மது வளந்திருந்தா நூலு மேல போயிருக்கும்ல?"

"நூலு போகாது தம்பி. ஆனா கொடி உங்களுதுதான். நூறு ரூபா பந்தயம்?"

"சரி, பாத்துடலாம்!"

நூலிலிருந்து தண்டை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் கம்பிக்கு வெளியே நழுவி, மழைத்தண்ணீர்க் குழாயைச் சுற்றி, நேராக அக்கா ஜன்னலுக்குப் போயிருந்தது. நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு மாடி ஏறிவிட்டது!

"நுனியிலதான் செடியோட செல் ஒவ்வொண்ணும் ரெண்டா பிரியும். நுனிக்குக் கொஞ்சம் கீழ அதுங்க நீளும். நீ நூல் கட்டினது நீண்டு முடிஞ்ச இடம், அது அங்கயேதான் நிக்கும்" என்றார் அக்கா. "வேரும் அப்படித்தான், நுனியிலதான் வளரும். கிளறினா அந்த நுனிதான் முதல்ல ஒடியும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தொட்டி அங்கேயே இருக்கிறது. செருப்புகள் மாடிப்படியில் கிடக்கின்றன. அக்கா ஜன்னலில் காய்க்கும் பாகற்காயைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்கிறோம். பறிக்கும்போதெல்லாம் அக்கா மேலேயிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, என் நூறு ரூபா?"

இன்னும் பாக்கி, நூறு ரூபாய்.