சின்னம்மா போன தெரு

என் சின்னம்மா மஞ்சள்காமாலையில் இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் காலனி. கல்லறைக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷம். ஆனால் எங்கள் சாவு எதுவும் அந்தப் பக்கம் போனதில்லை. ஏரிக்கரையைச் சுற்றி, வயலில் இறங்கித்தான் போகும். அந்த வாரம் பெய்த மழையில் வயலெல்லாம் இடுப்பளவு தண்ணீர்.

"தண்ணியிலயே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் அப்பா. எங்கள் சபைப் போதகர் ஒத்துக்கொள்ளவில்லை. பிரசங்கத்தில்கூடக் குரலை உயர்த்தாத மனிதர் அவர். "அது அரசாங்க ரோடுங்க. நேரா போவோம்" என்றார்.

தெருமுனையில் இருபது முப்பது பேர் குறுக்கே நின்றார்கள். போதகர் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டவுன் சபைக்குப் போன் போயிற்று. ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து, எங்களோடு உட்கார்ந்து பாடினார்கள். டவுன் சபைப் பெரியவர்கள் சிலர் மட்டும் வரவில்லை. குறுக்கே நின்றவர்களில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

மத்தியானம் தாசில்தார் வந்தார். "இந்த ஒரு தடவ விடறாங்களாம். எடுத்துட்டுப் போங்க."

எல்லோரும் எழுந்துவிட்டோம். போதகர் எழவில்லை. "ஒரு தடவைனா வேணாங்க. எப்பவும் போலாம்னு எழுதிக் குடுங்க."

அம்மா அவர் காலடியில் விழுந்தாள். "எந்தங்கச்சி வெயில்ல கெடக்கறா பாஸ்டர். போதும், எழுந்திருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர அசையவில்லை. அந்த நிமிஷம் அவரை வெறுத்ததுபோல நான் யாரையும் வெறுத்ததில்லை.

எழுதிய காகிதம் சாயங்காலம் வந்தது. இன்றுவரை எங்கள் சாவுகள் அந்தத் தெருவழியேதான் போகின்றன. போதகரை மட்டும் அடுத்த மாதமே தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு பக்கமும் போலீஸ் நடக்க, சின்னம்மா ஊர்த்தெருவில் போனாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் கதவு சாத்தியிருந்தது. எந்த வாசலிலும் ஒரு குழந்தைகூட இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், என் பக்கத்தில் உட்காரும் அந்தத் தெருப் பெண்ணிடம் சொன்னேன்: "எங்க சின்னம்மாவுக்காக நீங்க எல்லாரும் கதவச் சாத்திட்டு துக்கமா இருந்தீங்க இல்ல? எங்கம்மாகிட்ட சொன்னேன். அவங்க மறுபடியும் அழுதுட்டாங்க."

அவள் தலையைக் குனிந்து, நோட்டில் எதையோ ரப்பரால் அழித்துக்கொண்டே இருந்தாள். பாவம், அவளுக்கும் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.