தாளாளர் வரவழைத்த பிரெஞ்சுக்காரர்

பெரம்பலூரில் நான் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்குப் பிரெஞ்சு மொழி வந்து சேர்ந்ததற்குக் காரணம், அரியலூர் மேல் எங்கள் தாளாளருக்கு இருந்த வயிற்றெரிச்சல்தான். அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அங்கே ஒரு பள்ளி வாசலில் ‘ஜெர்மன் கற்றுத்தரப்படும்’ என்று கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டார். மறுநாள் முதல் பீரியடிலேயே என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது.

தாளாளருக்குப் பள்ளிக்கூடம் இரண்டாவது தொழில். முதல் தொழில் கல் உடைக்கும் கிரஷர். இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். உள்ளே எப்படிப்பட்ட கல் போனாலும் வெளியே வரும்போது ஒரே சைஸில் வர வேண்டும்.

“உங்க பயோடேட்டாவுல பிரெஞ்சுனு போட்டிருக்கே, நெசமா?” என்று கேட்டார்.

“காலேஜ்ல தமிழுக்குப் பதிலா எடுத்தேன் சார். மார்க் அள்ளிப் போடுவாங்கனு சொன்னாங்க.”

“பேச வருமா?”

“பேர் சொல்லலாம். ஊர் சொல்லலாம். ரயில்வே ஸ்டேஷன் எங்க இருக்குனு கேக்கலாம். அவங்க பதில் சொன்னா புரியாது.”

“அது போதும்மா. பெரம்பலூர்லதான் ரயிலே கிடையாதே” என்றார். “கிளாஸ்னு வச்சா ஆள் போடணும். கிளப்னு வச்சிருவோம். பிரெஞ்சு மொழி, கலாச்சார மன்றம். அதுக்கு நீங்களே போதும்.”

இப்படித்தான் நான் ஒரு ஐரோப்பிய நாகரிகத்துக்குப் பொறுப்பாளர் ஆனேன்.

அந்தக் கோடை விடுமுறையில், வழக்கம்போல எங்களை வேனில் ஏற்றி ஊர் ஊராக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்பினார்கள். இந்த முறை நோட்டீஸில் ஈஃபில் கோபுரம் இருந்தது. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் நோட்டீஸைக் கொடுத்தேன்.

“இங்கிலீசே இன்னும் எம்புள்ளைக்கு ஒழுங்கா வரல. இதுல இது வேறயா? எந்தூர்ல பேசுறாங்க இத?”

“பிரான்ஸ்ல பேசுறாங்க. நம்ம பாண்டிச்சேரியிலகூட கொஞ்சம் பேர் பேசுவாங்கம்மா.”

“பாண்டியா? எங்க வூட்டுக்காரரு அடிக்கடி போறாரு. வரும்போது வாயே தெறக்க முடியாமத்தான் வராரு” என்றார். நோட்டீஸை மட்டும் மடித்து வைத்துக்கொண்டார். ஜூன் மாதம் பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்தார். கோபுரம் வேலை செய்துவிட்டது.

எங்கள் பள்ளியில் இருந்த ஓர் அட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வளாகத்துக்குள் தமிழில் பேசி மாட்டிக்கொள்ளும் பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அடுத்து ஒருவர் தமிழில் பேசி மாட்டினால் அட்டை அங்கே போகும். அதனால் அட்டை போட்ட பிள்ளை நாள் முழுக்க அடுத்த பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு திரியும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன் எல்லாரும் பார்க்கக் கொடிமரத்தடியில் நிற்க வேண்டும்.

அட்டையில் ‘ஐ ஆம் ஸ்பீக் டமில்’ என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் ஆங்கில ஆசிரியை என்பதால், அந்த வாக்கியமே தப்பு, திருத்திவிடலாமா என்று கேட்டேன். லேமினேஷன் பண்ணியாயிற்று என்றார்கள்.

அட்டையே வேண்டாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் தமிழ் ஐயா எழுந்து பேசினார். அவர் பேசியது தமிழில் என்பதால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதையே நான் ஆங்கிலத்தில் சொன்னேன். “பேரன்ட்ஸ் பீஸ் கட்டுறதே இங்கிலீஷுக்குத்தான் மிஸ்” என்று துணை முதல்வர் தமிழில் பதில் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பள்ளி திறந்ததும் மன்றத்துக்குத் தொடக்க விழா வைத்தார்கள். தாளாளர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மேடையில ஒரு வெள்ளைக்காரர் வேணும்.”

பாண்டிச்சேரியில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் விசாரித்தேன். ஒரு சால்வைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இவ்வளவு தூரம் வருகிற பிரெஞ்சுக்காரர் யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் தாளாளரே ஒருவரைப் பிடித்துவிட்டார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் புது மெஷின் மாட்ட வந்திருந்த பொறியாளர்.

“பிரெஞ்சுக்காரர்தானே சார்?” என்று கேட்டேன்.

“வெளிநாட்டுக்காரர்” என்றார் தாளாளர். அழைப்பிதழில் ‘பிரான்ஸ் நாட்டு அறிஞர்’ என்று அச்சாகி வந்தது.

விருந்தினருக்குப் பிரெஞ்சுச் சாப்பாடு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் உத்தரவு. செல்போனில் தேடி வெங்காய சூப்பைக் கண்டுபிடித்தேன். வெங்காயத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? செட்டிகுளத்திலிருந்து ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வந்து இறங்கியது. உரித்து உரித்து அழுதபடியே கேன்டீன் அக்கா, “இது வெங்காயம் போட்ட சுடுதண்ணி டீச்சர். மொளகு ஜீரகம் தட்டிப் போட்டுக்கவா? ரசமாவாச்சும் ஆவும்” என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கலாச்சாரங்கள் இப்படித்தான் சங்கமிக்கின்றன.

விழா அன்று காலை, கிரஷர் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த ஈஃபில் கோபுரம் லாரியில் வந்தது. நீலப் பெயின்ட் அடித்து, சீரியல் பல்பு சுற்றி வாசலில் நிறுத்தினார்கள். பெற்றோர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“டவருக்கு எடம் குடுத்துட்டாங்களா மிஸ்? மாசம் எவ்ளோ வாடகை தருவான்?”

அதற்குள் விருந்தினரின் கார் வந்துவிட்டது. நல்ல உயரம், வெயிலில் தக்காளியாகச் சிவந்த முகம். நான் முன்னால் போய், மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகிய பிரெஞ்சு வரவேற்பைச் சொன்னேன். அவர் பாவமாக என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில், “மன்னிக்கணும் மேடம், நான் போலந்துக்காரன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்றார்.

அவரை உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் தாளாளரிடம் ஓடினேன்.

“சார், அவர் போலந்து சார். அவர் பேசுறது போலிஷ்.”

“பாலிஷா? கிரானைட்டுக்குப் போடுறதா?”

“இல்ல சார், அவங்க பாசை. தமிழ்ல போலிய மொழினு சொல்வாங்க.”

“அதுல அஞ்சு நிமிசம் பேசச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லிருங்க.”

“எனக்கு அந்த மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாதே சார்!”

“எனக்கு மட்டும் தெரியுமா? வந்திருக்கிற யாருக்குத் தெரியும்? நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க.”

“இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?”

“தமிழ்ல சொல்லும்மா. பேரன்ட்ஸுக்குப் புரிய வேணாமா?” என்று எரிந்து விழுந்தார்.

போலந்துக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். தோளைக் குலுக்கிக்கொண்டு மேடையேறினார். போலிய மொழி என்ற பெயர் அன்றைக்குப் பொருந்தியது போல் வேறு என்றைக்கும் பொருந்தியிருக்காது.

முதலில் அவர் கொஞ்சம் பேசிவிட்டு நிறுத்தினார். பெரம்பலூர் மக்களின் அன்பைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்ததாகச் சொல்கிறார் என்றேன். கைதட்டல். இதென்ன பெரிய வேலை, இப்படியே ஓட்டிவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

அப்போதுதான் முதல் வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் யாரிடமோ தண்ணீர் கேட்டு மாட்டியிருக்கிறாள். போட்டோவில் விழக் கூடாது என்று யாரோ அதைத் திருப்பிவிட்டிருந்தார்கள். வெள்ளைப் பக்கம் தெரிய, அதைக் கையால் மூடிக்கொண்டு, அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்ட முயன்றுகொண்டிருந்தாள்.

போலந்துக்காரர் இப்போது இரண்டு கையையும் தலைமேல் வைத்து அழுத்திக் காட்டி ஏதோ சொன்னார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“தாய்மொழியைத் தலைமேல வச்சுக் கொண்டாடணும்னு சொல்றாரு.”

பெற்றோர் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவருக்கே ஆச்சரியம். குரலை உயர்த்தி, ஆள்காட்டி விரலைக் கடுமையாக ஆட்டிப் பேசினார்.

“சொந்த பாசையில பேசினதுக்காக ஒரு கொழந்தையத் தண்டிக்கிறது எங்க நாட்டுல நெனச்சே பாக்க முடியாதுங்கிறாரு.”

பின்வரிசையில் தமிழ் ஐயா எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் பந்தலே எழுந்து தட்டியது. உற்சாகம் தாங்காத போலந்துக்காரர், தன் கழுத்தில் இருந்த அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“கழுத்துல எதையும் மாட்டிவிடாதீங்கனு கேட்டுக்கிறாரு” என்றேன். சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

மேடையில் தாளாளரைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்த முகம் அப்படியே உறைந்திருந்தது. அது பிரெஞ்சு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஊரோடு சேர்ந்து அவரும் தட்டினார்.

விழா முடிந்து, விருந்தினர் வெங்காய ரசத்தை இரண்டாவது கிண்ணம் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போது, என்ன பேசினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“என்ன பேசுறதுனே தெரியல மேடம். ஆலையில புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ற பாதுகாப்பு விதியச் சொன்னேன். தலையில ஹெல்மெட் போடணும். மெஷின்ல விரல விடக் கூடாது. கழுத்துல எதையும் தொங்கவிடக் கூடாது, சுத்துற மெஷின் இழுத்துக்கும்.” பிறகு தயங்கி, “இங்க இவ்வளவு நல்லா கேட்டாங்க. ஆலையில யாரும் கேக்கிறதே இல்ல” என்றார்.

மறுநாள் காலை, பாடாலூரிலிருந்து லோடு ஆட்டோ ஓட்டும் ஒரு அப்பா ஆபீஸுக்கு வந்தார். “வெள்ளைக்காரரே வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னமும் எதுக்குங்க புள்ளைங்க கழுத்துல அட்டைய மாட்டுறீங்க?” என்று சத்தம் போட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். மத்தியானத்துக்குள் அட்டை காணாமல் போனது. சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. அப்படி ஒரு பொருள் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் உள்ளே கசந்தது. தமிழைப் பேசலாம் என்று தமிழ் ஐயா தமிழில் சொன்னபோது எடுபடவில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னபோதும் எடுபடவில்லை. சிவந்த முகத்தோடு ஒருவர், யாருக்கும் புரியாத மொழியில் ஹெல்மெட்டைப் பற்றிச் சொன்னதும் எடுபட்டுவிட்டது. வெள்ளைக்காரன் சான்றிதழ் கொடுத்தால்தான் நாம் நம் வாயையே திறப்போம் போலிருக்கிறது.

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

“அந்த ஆளு நெசமாவே அப்படித்தான் சொன்னாரா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்குத்தான் போலிஷ் தெரியாதே.”

மேஜைமேல் கிடந்த விழா அழைப்பிதழை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“கழுத்துல மாட்டக் கூடாதுனு மட்டும் கண்டிப்பா சொன்னாரு சார். விசாரிச்சுட்டேன்” என்றேன்.

“போங்க” என்றார். அந்த வருடம் எல்லாருக்கும் வந்த சம்பள உயர்வு எனக்கு வரவில்லை.

மன்றம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கூடியது. முதல் வகுப்பு முடிந்ததும் அந்த ஏழாம் வகுப்புப் பெண் என் மேஜையருகே வந்தாள்.

“மிஸ், அன்னிக்கு அவரு பேசினது பிரெஞ்சு இல்லதானே? இன்னிக்கு நீங்க சொல்லிக்குடுத்ததுல ஒரு வார்த்தைகூட அதுல வரல.”

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“நான் எதுக்கு மிஸ் சொல்லப்போறேன்?” என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் நடத்திய வகுப்பில் மொழியைக் காதால் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பேர் சொல்ல, ஊர் சொல்ல, நன்றி சொல்ல, எண்களைச் சொல்ல என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் இருப்பு சீக்கிரமே தீரப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தபோது, அரையாண்டுத் தேர்வு வந்து காப்பாற்றியது. கணக்கு சார் அந்தப் பீரியடைக் கேட்டார், உடனே கொடுத்துவிட்டார்கள். தேர்வு முடிந்தும் அது திரும்பி வரவில்லை. அட்மிஷன்தான் முடிந்துவிட்டதே. ஃப்ளெக்ஸில் மட்டும் மன்றம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, பள்ளி பஸ் ஓட்டும் அண்ணன் என்னை வழிமறித்தார்.

“டீச்சர், புள்ளைங்க எறங்கும்போது என்னயப் பாத்து மெர்சி, மெர்சிங்குதுங்க. என்ன, கேலி பண்ணுதுங்களா?”

“இல்லண்ணே. பிரெஞ்சுல அதுக்கு நன்றினு அர்த்தம். நான்தான் சொல்லிக்குடுத்தேன். வேணாம்னா நிறுத்தச் சொல்லிடறேன்.”



“இருக்கட்டும் டீச்சர், சொல்லிட்டுப் போகுதுங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு எந்தப் பாசையிலயும் அத யாரும் சொன்னதில்ல” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கப் போனார்.