தெல்தெனியவில் கேட்ட என் கடிதம்

கண்டிக்குப் போனது ஓய்வுக்குத்தான். 2007 மார்ச், போர் நடந்துகொண்டிருக்கும் காலம். கொழும்பில் ஒரு சட்ட அலுவலகத்தில் மருந்துக் கம்பனிகளின் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. மூன்று நாள் லீவு கிடைத்ததும் காலை ஏழு மணி ரயிலில் ஏறினேன், ஒன்பதரைக்குக் கண்டி. நிலையத்திலேயே இரண்டு தடவை அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கியது அம்பிட்டியவில், என்னோடு படித்த நிர்மலா வீட்டில். மணல் ஈ கடித்து வரும் தோல் புண்ணை ஆராயும் டொக்டர் அவள்.

"நாளைக்குத் தெல்தெனியவில ஒரு நோயாளியைப் பாக்கப் போறன். நீயும் வாறியோ? அப்படியே விக்டோரியா நீர்த்தேக்கத்தையும் பாக்கலாம்" என்றாள்.

குண்டசாலை வழியாக ஓட்டோவில் போனோம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சோதனைச் சாவடிகளால் ஒன்றரை மணி நேரமானது.

அந்த நோயாளி மகேஸ்வரி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இடது கன்னத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு ஆறாத புண்.

"வாங்க டொக்டர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். "கிழமைக்கு ஒருக்கா புண்ணுக்குள்ளயே ஊசி குத்துறாங்க. பதினோரு ஊசி ஆச்சு. எம் மக என் முகத்தப் பாத்துக்கிட்டு சோறு திங்க மாட்டேங்குது. பூசுற மருந்து வரும்னு சொன்னீங்களே?"

"அது வராது அக்கா" என்ற நிர்மலா, என் பக்கம் திரும்பினாள். ஒரு வெளிநாட்டுக் கம்பனி பாதியில் கைவிட்ட மருந்துப் பொருள் இந்தக் கிருமியைக் கொல்லக்கூடும் என்று நிர்மலாவின் ஆய்வுக் குழுவினர் கணித்திருந்தார்கள். அந்தப் பொருளில் கொஞ்சமும் ஆய்வு செய்ய அனுமதியும் கேட்டு, முடிவுகளைப் பகிர்வதாகவும் கம்பனிக்கு எழுதினார்கள்.

"ஒரே ஒரு வரிதான் பதில். 'விற்பனை வாய்ப்பற்ற நோயொன்றுக்காக எமது கட்சிக்காரர் தமது உரிமையைப் பகிர விரும்பவில்லை.' எனக்கு மனப்பாடம்."

அந்த வரி என்னுடையது. 'இலாபமற்ற' என்று என் அலுவலக முதலாளி சொன்னதை 'விற்பனை வாய்ப்பற்ற' என்று நாகரிகமாக மாற்றியதும் நான்தான். அது என்ன நோய், யாருக்கு வரும் என்று நான் கேட்டதேயில்லை.

நீர்த்தேக்கத்தை நான் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் சொன்னேன்: "நிர்மலா, அந்தக் கடிதம் நான் எழுதினது."

ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். "நீயோ?"

"ஓம்."

ஓட்டோவை மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப இன்னொண்டையும் நீயே எழுது."

அனுமதி தரும்படி கம்பனிக்கு எழுதினேன். முதலாளி கத்தினார், பிறகு கையெழுத்திட்டார். ஐந்து மாதம் கழித்து ஆய்வுக்கு மட்டும் அனுமதியும் ஒரு சிறு போத்தல் தூளும் வந்தன. பலன் கிடைத்தால் மருந்து தயாரிக்கும் உரிமை பற்றி 'பின்னர் பேசலாம்' என்றார்கள். அதற்குள் மகேஸ்வரிக்குப் பத்தொன்பது ஊசி முடிந்து புண் ஆறியிருந்தது. தழும்பு போகவில்லை.

தெல்தெனிய போகிறவர்கள் அடையாள அட்டையோடு, தங்குமிட முகவரியையும் எழுதி வைத்திருங்கள். மாலை ஐந்துக்கு முன் கண்டி திரும்பிவிடுங்கள். மகேஸ்வரியின் கடையில் ஏதாவது வாங்கினால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அன்று விடைபெறும்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.