தாலியும் தும்மலும்

என் மகள் கணினியில் படங்களை மயிரிழை பிசகாமல் வெட்டி ஒட்டுகிறாள். எண்பதுகளில் நானும் என் கணவரும் ஒரே ஒரு தும்மலை வெட்டப் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிக்கிறாள். அது என் தும்மல்தான். என் கல்யாணத்தில், தாலி ஏறும் நேரத்தில் வந்து தொலைத்தது.

கெட்டிமேளம் எதற்காக இருக்கிறது? அந்த நேரத்தில் தும்மல், அழுகை எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. சுங்கை லாலாங் கோயிலில் கூடியிருந்த ஒருவர் காதிலும் என் தும்மல் விழவில்லை. ஆனால் வீடியோக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் மூக்குக்கு எதிரிலேயே நின்றிருந்தார்.

அதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் மாமியாரைத் தெரியாது. பூனை குறுக்கே போனால் பசாருக்குப் போகாமல் திரும்பி, பழைய ரசத்தோடு சாப்பாட்டை முடிப்பவர். ஒற்றைத் தும்மல் கேட்டால் எடுத்த வேலையை அப்படியே போட்டுவிடுவார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதால் பெண்டாங்கில் தன் வீட்டிலேயே கிடந்தார். மகன் தாலி கட்டுவதை டேப்பில்தான் பார்க்க வேண்டும். நானோ மூத்த மருமகள். தாலி ஏறும்போதே தும்மினவள் என்று பேர் விழுந்தால், அதன் பிறகு அந்த வீட்டில் பால் திரிந்தாலும் என் மூக்கைத்தான் சொல்வார்கள். அந்தத் தும்மலை வெட்டிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

கணவருக்குக் கோலா கெத்திலில் ரேடியோ கடையில் வேலை. கடையிலிருந்து ஒரு வீடியோ பெட்டியை இரவல் வாங்கி வந்து எங்கள் பெட்டியோடு வயர் போட்டு இணைத்தார். கடைப் பெட்டியில் கல்யாண டேப் ஓடும், எங்கள் பெட்டி அதைப் பதியும். தும்மல் வரும்போது பதிவை நிறுத்தி, போனதும் மறுபடி விட வேண்டியது என் பொறுப்பு.

முதல் தடவை தும்மல் போயிற்று, கூடவே தாலியும் போயிற்று. நான் தலை குனிகிறேன், உடனே ஊரே அரிசி எறிகிறது. அடுத்த தடவை பாதித் தும்மல் மட்டும் தங்கியது. அதில் நான் வாயைப் பிளந்துகொண்டு அவர் கையைக் கடிக்கப் போகிறேன். என் விரல் எருமை என்றார். உங்கள் கடைப் பெட்டிக்குத்தான் புத்தி பேதலித்திருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான். நிறுத்தினால் அது நின்ற இடத்தில் நிற்காமல், கொஞ்சம் பின்னால் உருண்டு போய்த்தான் நிற்கும்.

கடைசியில், தும்மலுக்கு முன்னால் இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக நிறுத்தி, கடைப் பெட்டியை மட்டும் தும்மலுக்கு அப்பால் தள்ளிவிட்டு மறுபடி விட்டுப் பார்ப்போம் என்றார். ஆளுக்கொரு பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தோம். சரியாகத் தாலி ஏறும்போது வாசலில் ஒரு காடி வந்து நின்று ஹாரன் அடித்தது. விரல் தடுமாறி, தும்மலும் போய் முடிச்சும் விழுந்த பிறகுதான் அமுக்கினோம். எட்டிப் பார்த்தால், டேப் பார்க்க வந்துவிட்ட மாமியாரைக் கொழுந்தன் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். பதறிப்போய் இரண்டையும் ஓடவிட்டு வாசலுக்கு ஓடினோம்.

மாமியார் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் டேப்பும் பதிந்து முடிந்தது. அதைச் சரிபார்க்க நேரமில்லை. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, "போடுடா பாப்போம்" என்றார்.

திரையில் நான் தலை குனிந்தேன், தும்மினேன், அவர் முடிச்சுப் போட்டார். படம் ஒரு வெட்டு வெட்டியது. மறுபடி தலை குனிந்தேன், தும்மினேன், அவர் மறுபடி முடிச்சுப் போட்டார். கடைப் பெட்டி தன் புத்தியைக் காட்டிவிட்டது. நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன்.

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ரெட்டத் தும்மல். ஒத்தத் தும்மல்தான் ஆகாது. இது ரொம்ப நல்லதுலா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் விடவில்லை. "ஏண்டா, தாலிய எதுக்கு ரெண்டு தடவ கட்டுன?" என்று மகனைப் பிடித்துக்கொண்டார்.

"கழண்டுறக் கூடாதுன்னுதாம்மா."

பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கொழுந்தனிடம் சொன்னார். அதன் பிறகு அந்த வீட்டில் பால் எத்தனையோ தடவை திரிந்தது. மாமியார் மாட்டுக்காரரைத்தான் திட்டினார்.

போன வாரம் மகள் அந்த டேப்பைக் கணினியில் ஏற்றிப் பார்த்தாள். ஒரே காட்சி இரண்டு முறை வருகிறதே, ஒன்றை வெட்டிவிடட்டுமா என்றாள். கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.